வாடிக்கையாளர் இல்லாத சந்தை

சந்தை என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண்முன் இரு சாரார் தோன்றுவர். பொருளைப் பரப்பி வைத்துக்கொண்டு விற்போர் ஒரு சாரார். பையைக் கையில் ஏந்தி விலை கேட்டு வருவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் இன்றிச் சந்தை இல்லை என்பது நாம் அறிந்த உண்மை. ஆயின், ஜப்பான் நாட்டுத் தலைநகராகிய டோக்கியோவில் ஆண்டுதோறும் கோடையில் ஒருமுறையும் குளிர்காலத்தில் ஒருமுறையும் கூடும் பெருஞ்சந்தை ஒன்று உண்டு. அங்கே விற்பனை நடைபெறுகிறது, பணம் கைமாறுகிறது, மக்கள் இலட்சக்கணக்கில் திரள்கின்றனர். எனினும், இங்கு வாடிக்கையாளர் என்று ஒருவரும் இலர் என்பதே அச்சந்தையின் அடிப்படைக் கொள்கையாகும்.

காமிக் மார்க்கெட் என்பது அதன் பெயர். சுருக்கமாகக் கொமிக்கெட் என்பர். 1975ஆம் ஆண்டில் 32 சிறு வட்டங்களோடு தொடங்கிய அது எவ்வாறு வளர்ந்தது? வளர்ச்சியால் அதற்கு நேர்ந்த இடையூறுகள் யாவை? அவற்றை எந்தக் கொள்கையைத் துணைக்கொண்டு அது தாங்கிற்று? மாணவ மாணவியராகிய உங்களுக்கு இவற்றை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இரு சொற்களை அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, மாங்கா. இது நம் ஊர்த் தோப்பில் காய்க்கும் மாங்காயன்று; சித்திரக்கதைக்கு ஜப்பானியர் வழங்கும் பெயர். மற்றொன்று, அனிமே. அஃது அசையும் சித்திரங்களால் ஆகிய படம். இவ்விரண்டும் உடன்பிறந்தவை போன்றவை. முதலில் மாங்காவாக இதழில் வெளிவந்த கதை பின்னர் அனிமேயாகத் திரைக்கும் தொலைக்காட்சிக்கும் வருவது ஜப்பானில் பெருவழக்கு. ஒஸாமு டெஸூகா என்னும் புகழ்பெற்ற ஓவியர் தாம் வரைந்த சிறுவன் வடிவ இயந்திர மனிதன் கதையை 1963ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் தொடங்கி வாரந்தோறும் தொலைக்காட்சியில் அனிமேயாக வெளியிட்டார். அதன்பின் ஒரு தலைமுறையே இச்சித்திரங்களைப் பார்த்து வளர்ந்தது.

பார்த்து மகிழ்வதோடு எல்லாரும் நின்றுவிடுவதில்லை. சிலருக்குத் தாமும் வரைய வேண்டும் என்ற வேட்கை எழும். வேறு சிலருக்குத் தாம் படித்ததைப் பற்றித் தம்மைப் போன்றாரோடு உரையாட வேண்டும் என்ற ஆவல் பிறக்கும். இத்தகையோர் சிறு சிறு வட்டங்களாகச் சேர்ந்தனர். வாசகர் வட்டம் என்று நாம் கூறுகிறோமே, அதுபோன்றவை அவை. ஒவ்வொரு வட்டமும் ஓர் இதழ் நடத்தியது. அச்சிடப் பணமில்லாத காலத்தில் அது கையெழுத்துப் பத்திரிகையாகவே இருந்தது. உறுப்பினர் வரைந்த மூல ஓவியங்களைத் தைத்து ஒரே படியாக்குவர். அப்படியே அஞ்சல் வழியே வீடு வீடாகச் சென்று திரும்பும். இவ்வகை இதழ்களுக்கு டோஜின்ஷி என்று பெயர். ஒத்த உள்ளம் உடையோர் வெளியிடும் இதழ் என்பது அதன் பொருள்.

இவ்வட்டங்களை ஒன்றோடொன்று இணைக்க ஒரு பாலம் தேவையாயிற்று. 1967ஆம் ஆண்டில் டெஸூகா தொடங்கிய 'காம்' என்னும் மாத இதழ் அப்பாலமாக விளங்கியது. இளைஞர் வரைந்தனுப்பிய சித்திரங்களுக்கும் வட்டங்களின் செய்திகளுக்கும் அதில் இடம் இருந்தது. ஆயினும் 1970களின் தொடக்கத்தில் அவ்விதழ் நின்றுபோயிற்று. நாடெங்கும் வட்டங்கள் இருந்தன. அவை ஒன்றையொன்று சந்திக்கும் இடந்தான் இல்லை.

அக்காலத்தில் மாங்கா இரசிகர்களுக்கென ஆண்டு மாநாடு ஒன்று நடைபெற்று வந்தது. அம்மாநாட்டைக் குறைகூறிய ஓர் இரசிகரை, 1975ஆம் ஆண்டில், அதில் கலந்துகொள்ள விடாமல் அமைப்பாளர்கள் தடுத்தனர். ஒருவரைத் தடுத்தது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் அது பல இளைஞர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. இரசிகர்களுக்காக நடைபெறும் கூட்டத்தில் யார் வரலாம், யார் வரலாகாது என்று முடிவு செய்வது யார்? பிறர் ஏற்பாடு செய்த கூட்டத்துக்கு விருந்தினராகப் போகும்வரை, கதவைச் சாத்தும் உரிமை பிறர் கையில்தானே இருக்கும்? ஆகவே, எவர்க்கும் கதவு சாத்தாத கூட்டம் ஒன்றைத் தாமே அமைப்பது என்று அவர்கள் துணிந்தனர்.

இதனைச் செய்தவர்கள் 'மெய்க்யூ' என்னும் விமரிசன வட்டத்தினர். அச்சொல்லுக்குச் சுழல்வழி மாளிகை என்று பொருள் கூறலாம். டெருவோ ஹராடா, யோஷிஹிரோ யோனெஸாவா முதலியோர் அதில் இருந்தனர். அனைவரும் இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்கள். அவர்களிடம் பெரும்பொருளும் இல்லை. பெரியோர் ஆதரவும் இல்லை. 1975ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் டோக்கியோவின் தொரானொமோன் பகுதியில், தீயணைப்புத் துறையினர்க்கு உரிய மன்றத்தின் கூட்ட அறையை வாடகைக்கு எடுத்தனர். 32 வட்டங்கள் தத்தம் இதழ்களோடு வந்தன. ஏறத்தாழ 700 பேர் கூடினர். அவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினர் நடுநிலைப் பள்ளியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்ற மாணவியர் என்பது குறிப்பிடத்தக்கது. இன்று உலகம் வியக்கும் பெருங்கூட்டத்தின் முதல் வரிசையில் நின்றவர்கள் பள்ளிச் சிறுமியர்.

இனி, அவர்கள் வகுத்துக்கொண்ட கொள்கையைக் காண்போம். சந்தைக்கு வருவோர் மூவகையினர். இதழை வெளியிட்டு மேசையில் வைப்போர் ஒரு வகையினர். அதனைப் பார்க்கவும் வாங்கவும் வருவோர் மற்றொரு வகையினர். கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள் மூன்றாம் வகையினர். இம்மூவரையும் கொமிக்கெட் ஒரே பெயரால் அழைக்கிறது. அப்பெயர் 'பங்கேற்போர்' என்பதாகும். தொண்டர்க்கு ஊதியம் இல்லை. வாங்க வருபவர்க்குத் தனி மதிப்பும் இல்லை. வரிசையில் நிற்பதும், குப்பையைத் தாமே எடுத்துச் செல்வதும், அயலாரைத் தள்ளாமல் நடப்பதும் அவர்தம் கடமைகள். நடத்துவோர் தம்மை 'ஆயத்தக் குழு' என்றே கூறிக்கொள்கின்றனர். அவர்கள் இடத்தை ஆயத்தம் செய்வர். சந்தையைச் சந்தையாக்குவது பங்கேற்போர் அனைவரும் என்பது அப்பெயரின் உட்பொருள்.

இக்கொள்கையோடு தொடங்கிய கூட்டம் விரைந்து வளர்ந்தமைக்கு மூன்று காரணங்கள் கூறலாம்.

முதற்காரணம் அனிமே. 1974ஆம் ஆண்டில் தொலைக்காட்சியில் வந்த 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்னும் தொடர், 1977ஆம் ஆண்டில் திரைப்படமாக வெளிவந்தபோது இளைஞரிடையே பேரலையை எழுப்பியது. 1979ஆம் ஆண்டில் 'கண்டம்' என்னும் தொடர் வந்தது. 1980களில் கால்பந்தாட்டச் சிறுவர்களைப் பற்றிய 'கேப்டன் ஸுபாஸா' வந்தது. ஒவ்வோர் அலையும் புதிய இரசிகர் கூட்டத்தைக் கொமிக்கெட்டுக்குக் கொண்டுவந்தது. தொடர் முடிந்த பின்னும் அதன் மாந்தரை விட்டுப் பிரிய மனமில்லாதவர்கள், அவர்களைக் கொண்டு தாமே புதுக்கதை புனைந்து டோஜின்ஷியாக்கினர்.

இரண்டாங்காரணம் அச்சுத்தொழில். கையால் வரைந்த ஒரே படி, நகலெடுத்த படியாயிற்று; நகல், ஆப்செட் அச்சாயிற்று. சில நூறு படிகளைக் குறைந்த செலவில் அச்சிட்டுத் தரும் அச்சகங்கள் தோன்றின. டோஜின்ஷி அச்சிடுவதையே தனித்தொழிலாகக் கொண்ட அச்சகங்களும் பெருகின. ஒரு மாணவன் தன் சிறு சேமிப்பைக் கொண்டே தன் நூலைக் கண்ணாற் காணும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று.

மூன்றாங்காரணம் திறந்த கதவு. நன்கு வரைபவர்தாம் வரலாம் என்ற விதி இல்லை. கவிதையோ, கட்டுரையோ, இசையோ, கணினி விளையாட்டோ, இரயில் வண்டிகளைப் பற்றிய ஆராய்ச்சியோ, எதுவாயினும் சட்டத்துக்கு உட்பட்டுத் தாமே ஆக்கியதாக இருந்தால் இடம் உண்டு. இடம் போதாதபோது தகுதி பார்த்துத் தள்ளுவதில்லை; குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கின்றனர்.

கூட்டம் பெருகப் பெருக மன்றங்கள் சிறுத்தன. 1981ஆம் ஆண்டில் டோக்கியோவின் ஹருமி கண்காட்சி மண்டபத்துக்குக் கொமிக்கெட் பெயர்ந்தது. 1980களின் இறுதியில் பங்கு பெறும் வட்டங்கள் 10,000 என்ற அளவை எட்டின. வந்தோர் தொகை ஓர் இலட்சம் ஆயிற்று.

இத்துணைப் பெருங்கூட்டத்தை ஊதியம் பெறாத தொண்டர்கள் எவ்வாறு நடத்துகின்றனர் என்பது மாணவர் அறியத்தக்க செய்தியாகும். ஒவ்வொரு வட்டமும் பல திங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்த வட்டத்துக்கு அரை மேசையும் இரண்டு நாற்காலிகளும் அளிப்பர். அரை மேசை என்பது ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உடையது. புகழ்பெற்ற ஓவியராயினும் முதல்முறை வரும் மாணவராயினும் அளவு ஒன்றே. ஒத்த பொருள் பற்றிய வட்டங்களை ஒரே நாளில் ஒரே பகுதியில் அமைப்பர். இவ்வாறு நாள்தோறும் வரும் கூட்டம் பிரிந்து அமையும்.

மேசைகளை இடும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. மண்டபத்தின் நடுவே மேசைகள் தீவுகள் போல நீள்சதுரமாக அமைந்திருக்கும். மிகுந்த வரவேற்புடைய வட்டங்களை நடுவில் அமர்த்தினால், அவர்களை நாடி வருவோரின் வரிசை வழிகளை அடைத்துவிடும். ஆகவே அவ்வட்டங்களைச் சுவரோரமாகவும் வெளிக்கதவுகளின் அருகிலும் அமர்த்துவர். வரிசை நீளும்போது அதனைக் கதவு வழியே வெளியே கொண்டுசென்று திறந்த வெளியில் மடித்து நிறுத்துவர். சுவரோரம் கிடைப்பது ஒரு பெருமை என்று இரசிகர் கருதுகின்றனர். உண்மையில் அது நெரிசலைத் தவிர்க்கும் உபாயமே.

பருமனான பட்டியல் நூல் ஒன்றை ஒவ்வொரு முறையும் வெளியிடுகின்றனர். வட்டம் ஒவ்வொன்றும் தபால்தலை போன்ற சிறு கட்டத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் படத்தை அதிற் காணலாம். அதனோடு வரிசை முறையும், செய்யத்தகாதவையும் அந்நூலில் விரிவாக உள்ளன. இரவு முழுவதும் மண்டபத்தருகே காத்துக் கிடத்தல் கூடாது. அது சுற்றியுள்ளோர்க்கு இடையூறு. அனிமே மாந்தரைப் போல வேடம் புனைவோர், வேடத்தோடு தெருவிலோ இரயிலிலோ வருதல் கூடாது. மண்டபத்தில் உடைமாற்றும் அறையிலேயே புனைந்து, அங்கேயே களைந்து செல்ல வேண்டும். இவ்விதிகள் எல்லாம், தம் மகிழ்ச்சி அயலார்க்குத் துன்பமாகலாகாது என்ற ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. காலையில் சந்தை தொடங்குவதாக ஒலிபெருக்கி அறிவிக்கும்போதும், மாலையில் முடிவதாக அறிவிக்கும்போதும், மண்டபத்திலுள்ள அனைவரும் கைதட்டுவது மரபாக நிலைத்துவிட்டது. யாரோ ஒரு தலைவருக்கு அன்று, தமக்குத் தாமே தட்டிக்கொள்ளும் கை அது.

வளர்ச்சி என்பது நன்மையை மட்டும் கொண்டுவருவதில்லை. 700 பேர் கூடும்போது எவர் கண்ணிலும் படாத கூட்டம், ஓர் இலட்சம் பேர் கூடும்போது நாட்டின் கண்ணிற்படும். 1989ஆம் ஆண்டில் குழந்தைகளைக் கொன்ற கொடியவன் ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஒளிநாடாக்களும் மாங்கா இதழ்களும் குவிந்து கிடந்தன. செய்தி பரவியதும், அனிமே இரசிகர் அனைவர் மீதும் ஐயம் படர்ந்தது. இரசிகரைக் குறிக்கும் 'ஒட்டாகு' என்ற சொல்லே இழிசொல் போல ஒலிக்கத் தொடங்கியது. ஒருவன் செய்த பழி ஒரு கூட்டத்தின் தலையில் விழுந்தது.

இரண்டாவது இடையூறு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. எவர்க்கும் கதவு சாத்தாத சந்தையில் தகாத சரக்கும் நுழையும் அன்றோ? சில டோஜின்ஷிகளில் ஆபாசச் சித்திரங்கள் இடம்பெற்றன. 1991ஆம் ஆண்டில் அத்தகைய இதழ்களை விற்ற கடைகள் மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது. கொமிக்கெட் அப்பொழுது சிபா மாநிலத்திலுள்ள மக்குஹாரி மெஸ்ஸே என்னும் புதிய மண்டபத்தில் நடைபெற்று வந்தது. அவ்வாண்டுக் கோடைச் சந்தைக்கு இடம் தர முடியாது என்று மண்டபத்தார் மறுத்துவிட்டனர். ஆயிரக்கணக்கான வட்டங்கள் இதழ்களை ஆயத்தம் செய்து கொண்டிருந்த நேரம் அது. ஆயத்தக் குழுவினர் மீண்டும் ஹருமி மண்டபத்தை நாடினர், இடம் கிடைத்தது, சந்தை கூடிற்று.

ஆயினும் அவர்கள் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டனர். உரிமை வேண்டுமெனில் பொறுப்பும் வேண்டும். அதன்பின் ஒவ்வொரு வட்டமும் தன் புதிய இதழின் மாதிரிப் படி ஒன்றைச் சந்தை நாளில் குழுவினரிடம் அளிக்க வேண்டும் என்ற முறை இறுக்கமாயிற்று. சட்டத்துக்கு மாறானவை அதில் இருந்தால் அவ்விதழை விற்க முடியாது. கலையின் தரம் பற்றிய தேர்வன்று இது; சட்டத்தின் எல்லை பற்றிய தேர்வு மட்டுமே. இதனை வேண்டாத தணிக்கை என்று வருந்துவோரும் உண்டு. இது போதாது என்று குறைகூறுவோரும் உண்டு. திறந்த கதவுக்கும் பொது ஒழுங்குக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதான செயலன்று என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

சிந்திக்கத்தக்க மற்றொரு சிக்கலும் உண்டு. பிறர் படைத்த மாந்தரை வைத்துக் கதை புனைவது முறையாகுமா? பதிப்புரிமைச் சட்டத்தின்படி நோக்கினால் அது கேள்விக்கு உரியதே. எனினும் ஜப்பானியப் பதிப்பாளரும் படைப்பாளரும் பெரும்பாலும் இதனைப் பொறுத்துக்கொண்டு வந்துள்ளனர். டோஜின்ஷி வரைவோரே தம் கதைகளின் ஆர்வமிக்க வாசகர் என்பதையும், நாளைய ஓவியர்கள் அவர்களிடையே இருந்துதான் வருவர் என்பதையும் அவர்கள் அறிவர். சிறு அளவில், இலாப வேட்கை இன்றி நடக்கும்வரை கண்டுகொள்ளாதிருப்பது ஓர் எழுதாத உடன்பாடு. எழுதாத உடன்பாடு இரு தரப்பாரும் அளவறிந்து நடக்கும்வரையில்தான் நிலைக்கும்.

1996ஆம் ஆண்டுக் கோடையில் கொமிக்கெட் டோக்கியோ விரிகுடாப் பகுதியில் புதிதாக எழுந்த டோக்கியோ பிக் சைட் மண்டபத்துக்குப் பெயர்ந்தது. அதன்பின் வளர்ச்சி மேலும் விரைந்தது. பங்கேற்கும் வட்டங்கள் ஒரு சந்தைக்கு 35,000 என்ற அளவை எட்டின. வணிக நிறுவனங்களுக்கும் தனிப் பகுதி அமைந்தது.

பிக் சைட்டுக்கு வந்த பின்னும் சோதனை தொடர்ந்தது. 2012ஆம் ஆண்டு அக்டோபரில், 'குரோகோவின் கூடைப்பந்து' என்னும் மாங்காவின் மீது பகைகொண்ட ஒருவன், அதனோடு தொடர்புடைய இடங்களுக்கெல்லாம் மிரட்டல் கடிதங்களை அனுப்பலானான். டிசம்பர்ச் சந்தையில் அக்கதை பற்றிய வட்டங்கள் நூற்றுக்கணக்கில் இடம்பெற இருந்தன. கூட்டத்தின் பாதுகாப்பைக் கருதி, அவ்வட்டங்கள் அம்முறை பங்கேற்பதைத் தவிர்க்குமாறு ஆயத்தக் குழு கேட்டுக்கொண்டது. எவர்க்கும் கதவு சாத்தோம் என்று தொடங்கிய கூட்டத்துக்கு இது எத்துணைக் கசப்பான முடிவு என்பதை எண்ணிப் பாருங்கள். ஆயினும் அடுத்த கோடையில், மிரட்டியவன் பிடிபடாதிருந்த நிலையிலேயே, பாதுகாப்பைப் பெருக்கி அவ்வட்டங்களை மீண்டும் வரவேற்றனர். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அவன் பிடிபட்டான்.

2019ஆம் ஆண்டு டிசம்பரில் நான்கு நாள் நடைபெற்ற சந்தைக்கு 7,50,000 பேர் வந்தனர். இவ்விடத்தில் கணக்கைச் சற்றே கவனமாகப் பார்க்க வேண்டும். 700ஐயும் 7,50,000ஐயும் ஒப்பிட்டு ஆயிரம் மடங்கு வளர்ச்சி என்று கூறிவிடலாம். ஆனால் முதற்கூட்டம் ஒரே நாள் நடந்தது. இதுவோ நான்கு நாட்களின் கூட்டுத்தொகை. நான்கு நாளும் வந்த ஒருவர் நான்கு முறை எண்ணப்படுவார். நாளொன்றுக்குச் சராசரி 1,87,500 பேர் என்று கொண்டால், வளர்ச்சி ஏறத்தாழ 268 மடங்கு. எண்களைக் காணும்போது அவை எதனை எண்ணுகின்றன என்று வினவுதல் கல்வியின் ஒரு பகுதியாகும். 268 மடங்கு என்பதும் வியப்புக்கு உரியதே.

அவ்வாண்டிலேதான் ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. ஒலிம்பிக் ஏற்பாடுகளால் மண்டபத்தின் ஒரு பகுதி கிடைக்கவில்லை, செலவு மிகுந்தது. அதுவரை கட்டணமின்றி உள்ளே வந்த பொதுப் பங்கேற்போரும், கட்டணம் செலுத்திக் கைப்பட்டை பெற்று வரவேண்டியதாயிற்று. கட்டணம் கொடுத்தவன் தன்னை வாடிக்கையாளன் என்று கருதத் தொடங்கிவிட மாட்டானா? கொள்கைக்கும் தேவைக்கும் இடையே எழுந்த நெருக்கடி இது. தம் செலவில் ஒரு பங்கை ஏற்பதும் பங்கேற்பே என்பது அதற்கு அவர்கள் கண்ட விடை.

அடுத்து வந்தது உலகையே முடக்கிய கொள்ளைநோய். ஒலிம்பிக்கை முன்னிட்டு 2020ஆம் ஆண்டு மே மாதத்துக்கு மாற்றி வைத்திருந்த 98ஆவது சந்தை கைவிடப்பட்டது. கொமிக்கெட் வரலாற்றில் ஒரு சந்தை முழுமையாகக் கைவிடப்பட்டது அதுவே முதல்முறை. கூடாத சந்தைக்கும் பட்டியல் நூல் வெளிவந்தது; குறித்த நாட்களில் இரசிகர்கள் வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வழியாகத் தம் படைப்புகளைப் பரிமாறிக்கொண்டனர். 2021ஆம் ஆண்டு டிசம்பரில், நாளொன்றுக்கு 55,000 பேர் என்ற வரம்போடு சந்தை மீண்டும் கூடிற்று. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டில் நூறாவது சந்தை நடைபெற்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு நாட்களில் வந்தோர் 3,00,000 பேர். நாளொன்றுக்கு 1,50,000 என்பதைக் கணக்கிட்டால், பழைய ஆற்றல் பெரும்பாலும் திரும்பியது விளங்கும்.

இத்தனை உழைப்பால் விளைந்த பயன் யாது என்று சிலர் கேட்பர். புகழையே பயனாகக் கொண்டால் சான்றுகள் பல உண்டு. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற 'கிளாம்ப்' என்னும் பெண் ஓவியர் குழு 1980களில் டோஜின்ஷி வட்டமாகத் தொடங்கியதே. 2000ஆம் ஆண்டு டிசம்பர்ச் சந்தையில் டைப்-மூன் என்னும் சிறு வட்டம் 'ஸுகிஹிமே' என்ற கணினிக் கதை விளையாட்டை மேசையில் வைத்தது; மூன்று ஆண்டுகளில் அது தொலைக்காட்சி அனிமேயாயிற்று. 2002ஆம் ஆண்டு கோடைச் சந்தையில் மற்றொரு வட்டம் வைத்த 'ஹிகுராஷி' 2006ஆம் ஆண்டில் அனிமேயாயிற்று. அனிமேயைப் பார்த்து வளர்ந்தவர்கள் அரை மேசையிலிருந்து அனிமேக்கே கதை வழங்கினர்.

ஆயினும் இவர்கள் விதிவிலக்கானோர். பங்கேற்கும் வட்டங்களிற் பெரும்பாலானவை இலாபம் காண்பதில்லை. கைப்பொருளை இழந்தே திரும்புகின்றன. சிலர் ஐம்பது படிகளைக் கொண்டுவந்து பத்தை விற்பர். அந்தப் பத்துப் பேருள் ஒருவர் நின்று, சென்ற இதழும் நன்றாக இருந்தது என்று கூறிச் செல்வார். அச்சொல்லுக்காகவே மறுமுறை விண்ணப்பிப்பவர் பல்லாயிரவர். கொமிக்கெட்டின் உண்மையான அடித்தளம் அவர்களே.

1980ஆம் ஆண்டு தொடங்கி 26 ஆண்டுகள் அதன் பொறுப்பை ஏற்று நடத்திய யோஷிஹிரோ யோனெஸாவா, 2006ஆம் ஆண்டில் தம் 53ஆம் வயதில் மறைந்தார். தனிமனிதரை நம்பிய அமைப்பாயின் அவரோடு அது சாய்ந்திருக்கும். மூவர் கூட்டாகப் பொறுப்பேற்றனர். சந்தை தடையின்றித் தொடர்ந்தது. அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த பெருந்தொகையான நூல்களையும் இதழ்களையும் கொண்டு, அவர் பயின்ற மெய்ஜி பல்கலைக்கழகம் 2009ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நூலகத்தைத் திறந்தது. ஒரு காலத்தில் எவரும் மதியாத இரசிகர் இதழ்கள் இன்று ஆராய்ச்சி மாணவர்க்குக் கருவி நூல்களாகி உள்ளன.

கொள்கை முழுவதும் காக்கப்பட்டதா என்று கேட்பின், குறையின்றிக் காக்கப்பட்டது என்று கூற இயலாது. வாங்குவதற்கென்றே விரைபவரும், வாங்கியதை மறுநாளே மிகை விலைக்கு விற்பவரும், விதி கடந்து விடியுமுன் திரள்பவரும் அங்கே உண்டு. இலட்சம் பேரையும் பங்காளர் ஆக்குவது எளிதன்று. ஆயினும், சந்தை முடிந்ததை அறிவிக்கும் கைதட்டல் ஓய்ந்தபின் எஞ்சி நிற்போர் பலர் தாமாகவே நாற்காலிகளை மடித்து அடுக்குகின்றனர். மேசைகளைத் தூக்கித் தருகின்றனர். அவர்களுக்கு எவரும் ஆணையிடுவதில்லை. அக்கைகள் உள்ள வரையில் அக்கொள்கையும் உயிரோடு இருக்கும்.

மாணவ மாணவியரே! உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் இலக்கிய மன்றமோ, அறிவியல் கழகமோ, விளையாட்டுக் குழுவோ இருக்கும். அதன் ஆண்டு விழாவுக்கு நீங்கள் செல்லும்போது உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் இங்கு விருந்தினனா, பங்கேற்பவனா? விருந்தினன் என்றால், குறை கண்டவுடன் முகம் சுளித்துப் புறப்பட்டுவிடலாம். பங்கேற்பவன் என்றால், குறை கண்ட இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. டோக்கியோவில் 1975ஆம் ஆண்டு அந்த இளைஞர்கள் ஒரு மாநாட்டில் குறை கண்டனர். குறை கண்டதோடு நில்லாமல் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தனர். எஞ்சியதெல்லாம் அந்த ஒரு நாளிலிருந்து வளர்ந்ததே.